65 வயதுக்கு மேல் ஒரு சிறுநீரகம்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள முருகேசனுக்கு,

பேத்தியின் காதுகுத்துக்கு வராததற்காக நீ எழுதியனுப்பிய வசவுகள் வந்து சேர்ந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. மாங்காய்ப் பருவத்து வேலையும் பெரியண்ணனின் டயாலிசிஸும் என்னை ஊரைவிட்டு நகர விடவில்லை.

அண்ணனுக்கு இப்போது 68 வயது. வாரத்தில் இரண்டு நாள் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம், புடைத்து நிற்கிறது. அதன்மேல் விரல் வைத்தால் இரத்தம் ஓடுகிற அதிர்வு தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யலாமா என்று ஒரு மருத்துவரிடம் கேட்டேன். இதயம் எப்படி இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், "இந்த வயதில் எதற்குங்க?" என்று சொல்லி அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார். 65 வயதுக்கு மேற்பட்டோர் இறந்தவரின் உறுப்பைப் பெறப் பதிவு செய்ய முடியாது என்ற வரம்பை மத்திய அரசு 2023 பிப்ரவரியிலேயே நீக்கிவிட்டது. தாளில் நீங்கியது வாயில் நீங்கவில்லை.

அந்த மருத்துவர் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வரிசை நீளம், சிறுநீரகம் குறைவு. அமெரிக்காவில் 2014 முதல், மிக நன்றாக உழைக்கக்கூடிய 20 சதவீதச் சிறுநீரகங்களை, அதிக காலம் வாழ்வார்கள் என்று கணிக்கப்படும் 20 சதவீத நோயாளிகளுக்கே முதலில் தருகிறார்கள். அந்தக் கணிப்பில் வயதோடு சர்க்கரை நோயும் டயாலிசிஸில் கழித்த ஆண்டுகளும் சேர்கின்றன. ஐரோப்பாவில் சில நாடுகள் 1999 முதல், 65 வயதைக் கடந்தவர்கள் தந்த சிறுநீரகத்தை அதே வயதுக்காரர்களுக்கு, பக்கத்து ஊர்களிலேயே விரைந்து பொருத்துகின்றன. எனக்கு இந்த இரண்டாவது ஏற்பாடே பிடித்திருக்கிறது: இளைஞனுக்குரியதைக் கிழவன் பறிப்பதில்லை, கிழவனுக்கும் கதவு அடைபடுவதில்லை. வரிசையில் பின்னால் நிற்கச் சொல்வது வேறு, வரிசைக்கே வராதே என்பது வேறு அல்லவா?

பக்கத்துக் கட்டிலில் பாலக்கோட்டுப் பையன் ஒருவன், கல்லூரியில் படிக்கிறவன். "எனக்கு வந்தால் அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார் அண்ணன். அப்படிக் கைமாற்றிவிட விதி இடம் தராது என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார். அவராக விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. அவரைக் கேட்காமலேயே பெயரை அடித்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கிடையில் அண்ணி தன் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறார். அவருக்கோ பல ஆண்டுகளாகச் சர்க்கரை.

சென்னையில் இருக்கும் உன் மருமகனிடம், பதிவுக்கு முன் என்னென்ன பரிசோதனைகள் எடுக்க வேண்டும் என்று கேட்டு உடனே எழுது. வழக்கம்போல ரங்கனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிவிடாதே; அவன் சொல்லி எது நடந்திருக்கிறது?

அன்புடன்,
சின்னசாமி