மருந்தடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் பின்பக்கக் கால்வாயோரம் கரிசலாங்கண்ணி பறிக்கப் போனேன். செடிகள் மஞ்சளடித்துத் துவண்டு கிடந்தன. கூட வந்த அம்மா பார்த்ததுமே, "மருந்தடிச்சிருக்காங்க, தொடாதே" என்றார். கெடா ரப்பர் தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர் அவர். அவருக்குத் தெரியாததா?

எனக்குத் திக்கென்றது. அதற்கு மூன்று நாளைக்கு முன்புதான் அதே இடத்தில் பறித்துப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். அன்று இலை பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. அம்மா காலத்துக் களைக்கொல்லியான பராகுவாட் என்றால் மறுநாளே இலை கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். அது 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை, நல்லதுதான். ஆனால் கிளைபோசேட் போன்றவை வேர்வரை இறங்கி மெதுவாகக் கொல்பவை. இலை வாட நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை பறிப்பவருக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கு அது களை. எங்களுக்கு அது கீரை, தலைக்கு எண்ணெய். வள்ளலார் போற்றிய மூலிகை. மலாய்க்காரர்களும் உராங் அரிங் என்று கூந்தலுக்குப் பயன்படுத்துகிறார்கள். இலையைக் கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். எங்கள் மாடியில் அதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

"கால்வாயோரச் செடியை ஏன் சாப்பிடுகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாக்கடைத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்குமோ, அதில் செடியும் கொஞ்சம் உறிஞ்சும். அதனால்தான் பூப்பந்துத் திடல் பக்கம், வெயில் படும் இடத்தில், இரண்டு பாத்தி கேட்கிறேன். ஈரம் இருந்தால் போதும், அது தானாகவே பரவும்.

அப்புறம், முன்வாசலில் தரையை மூட நீங்கள் நட்டிருக்கும் மஞ்சள் பூக்கொடி. அதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துச் சிலர் பறித்துப் போகிறார்கள். அது வெடேலியா, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. பூவைப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். இலையைப் பார்க்க வேண்டும். வெடேலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீளவாக்கில், பிரியாமல் இருக்கும். சாப்பிட வேண்டாம் என்று அங்கே ஒரு பலகை வையுங்கள், தமிழிலும் சேர்த்து.

மருந்தே அடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆசைதான், புல்வெட்டும் கூலி ஏறிவிட்டது என்று பதில் வரும். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு மின்தூக்கி அருகே தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். அடித்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியாவது கட்டுங்கள். தோட்டத்தில் அம்மாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

பாத்திக்கு மண்ணும் நாற்றும் நாங்களே கொண்டு வருகிறோம். திடல் பக்கத்துக் குழாயின் பூட்டை மட்டும் காலையில் அரை மணி நேரம் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் மாடியில் குடியிருப்பவள்