வெள்ளத்தில் மிதந்த படகுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

தூத்துக்குடி நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீடுகளில் சேறு அள்ளி முடியாத நேரத்தில் கார் ஷெட்டில் நானே கட்டிவந்த பொழுதுபோக்குப் படகைப் பற்றிப் பேசுவது கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

கடலைக் காணும் முன்பே கார் ஷெட்டுக்குள் மிதக்கத் தொடங்கிய படகைக் கயிறு போட்டு மாடிப்படித் தூணில் கட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிகள், படகின் வரைபடச் சுருளையும் எப்பாக்சிப் பசை டின்களையும் தம் மாடிக்கு ஏற்றிய எதிர்வீட்டு அக்கா, தண்ணீர் வடிந்ததும் மண்வெட்டியோடு வந்த அலுவலக நண்பர்கள், பாக்கியைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காத மரக்கடைக்காரர் ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இம்மடலின் பெரும்பகுதி ஒரு முதிய ஓடாவிக்கு, அதாவது படகு கட்டும் தச்சருக்கு, உரியது. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். அவரை நான் அழைக்கவில்லை. 6 மி.மீ. மரைன் பிளைவுட்டில், ஒருவர் படுத்துறங்கச் சிறு அறையோடு நானே வரைந்து கட்டிவந்த 15 அடிப் பாய்ப்படகை விறகுக்குத் தள்ளிவிட விலை பேசிக்கொண்டிருந்தேன். தெருவோடு போனவர் நின்று, “இதத் தூக்கிப் போட்டுராதிய தம்பி, தட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றார்.

உளிப்பிடியால் அணியம் என்னும் முன்முனையிலிருந்து பின்தலை வரை ஒரு சாண் விடாமல் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று ஒலித்த இடங்களை விட்டுவிட்டு, பொத்தென்று ஒலித்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டார். வட்டங்கள் எல்லாம் ஒரு பக்கத்துக் கீழ்விளிம்பை ஒட்டியே விழுந்தன. மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடக்கூடாது என்ற விதியை நான் படித்திருந்தேன். பசை தாங்கினாலும், எப்பாக்சி பூசாத வெட்டு விளிம்பு வழியாக மரம் நீரைக் குடிக்கும், அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும் என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. குமரி மாவட்டம் முட்டத்தில் 1980களில் பிளைவுட் வள்ளங்கள் கட்டியபோது அங்கே வேலை பழகியவராம்.

நல்ல தண்ணீரில் கழுவி, படகை நிழலில் கவிழ்த்து, மிச்சப் பலகைகளுக்கு இடையே ரீப்பர் கட்டைகள் கொடுத்து அடுக்கிவிட்டுப் போனவர், ஈரம் போனபின் தாமாகவே திரும்பி வந்தார். கெட்டுப்போன விளிம்பை அறுத்தெடுத்துப் புதுத்துண்டு சேர்த்தார். பலகையின் 6 மி.மீ. கனத்தைப் போல எட்டு மடங்கு, அதாவது 48 மி.மீ., சரிவாக இழைத்து ஒட்டும் இணைப்பு அது. இழைக்கும்போது பிளைவுட்டின் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். வரிகள் வளையாமல் ஓடினால்தான் சரிவு ஒரே சீராக இருக்கிறது என்று பொருள். அவர் இழைத்ததில் ஒரு வரிகூட வளையவில்லை.

கூலிப் பேச்சை எடுத்தபோது வரைபடத்தைக் கேட்டார். அறைக்கூரையின் மேல் விரலை வைத்து, “கச்சான் காத்துல இது பாய் கணக்கா இழுக்கும். உள்ள உக்காந்தாப் போதும்லா?” என்றார். எடைக் கணக்கும் மிதப்புக் கணக்கும் போட்டு, அட்டையில் மாதிரி செய்து பார்த்து நான் வரைந்திருந்த கூரை அன்றே நான்கு விரல் இறங்கியது.

யாருடைய தயவும் இல்லாமல் ஒருவனே கட்டி, ஒருவனே செலுத்தலாம் என்பதுதான் இத்தனை சிறிய படகின் மேல் எனக்கு ஆசை வரக் காரணம். இன்று அதில் என் கை படாத இடங்களே எனக்கு அதிகம் பிடித்திருக்கின்றன. அண்ணாச்சியின் திருத்தங்களோடு வரைபடத்தை மறுபடி வரைந்து, கேட்பவர் எவருக்கும் காசில்லாமல் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நனைந்த பலகையைக் காயவைக்கும் முறையையும் அதன் ஓரத்திலேயே எழுதிவிடுவேன்.

காற்றில் ஈரம் குறையும்வரை மீதி எப்பாக்சி வேலை நடக்காது. அதுவரை, நீங்கள் இரவல் தந்த கிளாம்புகள் சேறு கழுவி எண்ணெய் பூசித் தயாராக உள்ளன. பெயின்டில் பெயர் எழுதியவற்றை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன். பெயர் இல்லாதவை யாருடையவை என்று வந்து அடையாளம் காட்டி எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.