ஹேட்ரியன் சுவரில் என்னோடு நடந்தவர்களுக்கு

அன்புள்ள நடைக்குழு நண்பர்களுக்கும் நியூகாசில் அக்காவுக்கும்,

எனக்கு மனம்விட்டு எழுதத் தமிழ்தான் வரும். இதை மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பை அக்கா ஏற்றிருக்கிறார். "தனியாகவா போகிறாய்?" என்று இங்கே ஆளாளுக்குப் பயமுறுத்தியபோது, ஒன்றும் பேசாமல் இந்தக் குழுவில் என் பெயரைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

வட இங்கிலாந்தின் குறுக்கே ரோமானியர் கட்டிய அந்தச் சுவரை ஒட்டி, ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை ஐந்து கிலோமீட்டர் சொச்சம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான வின் சில் பாறை முகட்டில் சுவர் ஏறி இறங்கிப் போகிறது. கூடவே நாமும் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். பீல் கிராக்கை அடுத்த செங்குத்துப் படிகளில் என் முழங்கால் மக்கர் பண்ணியது. கேட்பதற்கு முன்பே தன் ஊன்றுகோலை நீட்டினார் ஒரு பெரியவர். ஐயா, அது இல்லையென்றால் நான் அங்கேயே திரும்பியிருப்பேன்.

கடைசி ஆளாக நடந்துவந்த தம்பிக்குத் தனி நன்றி. நான் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் உங்கள் ஷூ லேஸ் சரியாக அவிழ்ந்துகொண்டது. கண்டுபிடித்துவிட்டேன், தம்பி.

வழிகாட்டி அம்மா, நீங்கள் ஆண்டுகளை ஒப்பிக்கவில்லை. சிக்கமோர் கேப்பில், 2023 செப்டம்பரில் வெட்டிச் சாய்க்கப்பட்ட அந்தப் பேர்பெற்ற ஒற்றை மரத்தின் அடிக்கட்டை துளிர்த்த கதையைச் சொன்னீர்கள். ஹவுஸ்டெட்ஸின் ரோமானியப் பொதுக் கழிப்பறை முன், வீரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசியதை நடித்தே காட்டிவிட்டீர்கள்! ஜான் கிளேட்டனைப் பற்றி நீங்கள் சொன்னதும் மனதில் நிற்கிறது. வீடு கட்டவும் வேலி போடவும் ஊரார் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1830களிலிருந்து நிலத்தை வாங்கி வாங்கிச் சுவரைக் காத்தவர். சரிந்த கற்களை அவருடைய ஆட்கள் திரும்ப அடுக்கியது சரியான புதுப்பித்தல் இல்லை என்பார்கள். இருக்கட்டும். நாம் நடந்த பகுதியில் பார்ப்பதற்குச் சுவர் என்று ஒன்று மிஞ்சியதே அவரால்தானே? அவருக்கும் ஒரு கும்பிடு.

அப்புறம், விடுதி அம்மா. என் நனைந்த காலுறையைப் பார்த்துவிட்டுத் தன் கம்பளிக் காலுறையை எடுத்துத் தந்தார். மறுநாள் பக்கத்து ரோமானியக் கோட்டையான விண்டோலண்டாவில்தான் தெரிந்தது, அங்கே கிடைத்த ரோமானிய மரச்சீவல் கடிதம் ஒன்றிலும் இதே கதை: யாரோ ஒருவருக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஊர்க் குளிர் அப்படி!

ஹெக்ஸம் திரும்பும் ஏடி 122 பேருந்தை, நான் நொண்டி வருவதைக் கண்டு நிறுத்தி வைத்திருந்த ஓட்டுநருக்கும் நன்றி. சுவர் கட்டத் தொடங்கிய கி.பி. 122ஆம் ஆண்டையே வண்டி எண்ணாக வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கும்.

ஐயா, உங்கள் ஊன்றுகோலை அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன். மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுவின் மெதுநடைக்காரி