கோட்டைக் கட்டில்

அன்புள்ள தோழிக்கு,

உன் மூன்று கடிதங்களும் என் மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மூன்றாவதில் இரண்டே வரி எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிக்குள் இருந்த கோபம் புரிந்தது. மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அவருடைய முதுகுவலி குறைந்திருக்கிறது. அம்மா வாரம் ஒருமுறையாவது உன்னை விசாரிக்கிறாள். மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. இனி அவளுக்குத் தனி அறை என்று பேசி, பின்பக்க அறையைக் காலி செய்தோம். நான்கு டிராயர் வைத்த பழைய அலமாரி மட்டும் அங்கே நின்றது. அதன் தலைமேல் வண்ணப் பென்சில் டப்பாவை வைத்திருந்தேன். அதை எடுக்க, கீழ் டிராயரை இழுத்துப் படியாக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். இரண்டாவதையும் இழுத்து அதில் கால் வைத்ததும் அலமாரி முன்பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, துணி மடித்து எடுத்துக்கொண்டு நான் அந்த அறை வாசலுக்கு வந்திருந்தேன். பாய்ந்து தோளைக் கொடுத்தேன். அவள்மேல் ஒரு கீறல் இல்லை. என் தோள் இரண்டு நாள் கன்றிப்போய் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த அலமாரியை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். அவ்வளவு கனமானது எப்படிச் சாயும் என்று அவர் கேட்டார். டிராயர்கள் வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் துணியின் பாரமும் முன்னால் வந்துவிடுகிறது. அதோடு குழந்தையின் எடையும் முன்விளிம்பில் ஏறினால் பின்கால்கள் தரையை விட்டு எழும்பிவிடும். அவ்வளவுதான். மறுநாளே இரண்டு எல் வடிவத் தகடுகள் வாங்கி, சுவரில் துளையிட்டு, அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டோம். பின்பக்கம் அடித்திருக்கும் மெல்லிய பலகையில் ஸ்க்ரூ போட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், சட்டத்தில்தான் பிடிக்க வேண்டும். அரைமணி நேர வேலை. அலமாரியின் தலைமேல் இப்போது எதுவும் வைப்பதில்லை. உன் கூடத்தில் இருக்கும் அந்த உயரமான புத்தக அலமாரி சுவரோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டிருக்கிறதா? இந்தக் கடிதத்தை இங்கேயே கீழே வைத்துவிட்டு, போய் அசைத்துப் பார்த்துவிட்டு வா.

பார்த்துவிட்டாயா? சரி.

அந்த இரவுதான் இந்த அறையைப் பற்றி நான் முதல்முறையாக ஒழுங்காக யோசித்தேன். அதுவரை என் மனதில் இருந்தது ஒரு கோட்டைக் கட்டில். இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் வளைவு, தலைமாட்டில் சின்னக் கதவு. படம் பார்த்ததும் அவள் குதித்தாள், நானும்தான். தச்சரிடம் அளவுகூடக் கொடுத்துவிட்டேன். உள்நீளம் ஐந்தடி. இவள் உயரம் இப்போது 115 சென்டிமீட்டர், அதனால் தாராளமாகப் போதும் என்றார் அவர். தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். இந்த வயதில் ஒரு குழந்தை வருடத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் வளரும். பதினொன்று பன்னிரண்டு வயதையொட்டிப் பெண்பிள்ளைகள் ஒரே வருடத்தில் எட்டு சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். அப்படியானால் பத்துப் பதினொரு வயதிலேயே அவள் கால் கோபுரத்தில் இடிக்கும். பதினான்கு வயதில் அந்தச் சின்னக் கதவைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காது.

உடனே உன் வீட்டு முயல் சுவர் நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொள்ளாதே. நாம் இரண்டு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த முயல்கள் அவை. அந்த ஏழாவது முயலின் காதை நான் இன்னமும் என் சாதனையாகத்தான் நினைக்கிறேன். ஆனால் உன் பெரியவள் பத்து வயதில் தன் தோழிகளைக் கூடத்திலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பினாளே, அது ஏன் என்று நமக்கு ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. தன் அறையிலேயே அவள் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டாள்.

ஆகவே, தோழி, கோட்டையை ரத்து செய்தேன். சுலபமாக நடக்கவில்லை. ஒரு நாள் முழுக்க அழுதாள். பெரியவர்கள் பேச்சு மாறினால் குழந்தைக்கு வலிக்கும், அந்த வலி நியாயமானது. அதனால் அவளை உட்காரவைத்து, கோட்டை உண்டு, ஆனால் மரத்தில் இல்லை, துணியில் என்றேன். கூரையில் கொக்கி மாட்டி, ஒரு மரவளையத்திலிருந்து நான்கு பக்கமும் துணி தொங்கும். எந்தத் துணி என்று அவளே தேர்ந்தெடுக்கலாம். கட்டில் மட்டும் சாதாரணக் கட்டில். பெரியவர்கள் படுக்கும் ஒற்றை மெத்தை அளவு, மூன்றடிக்கு ஆறேகால் அடி. கால்கள் மட்டும் உயரம் குறைவு, உருண்டு விழுந்தாலும் அடிபடாத அளவுக்கு. பின்னாளில் உயரமான கால் மாற்றிக்கொள்ளலாம், மரையிட்டுப் பொருத்துவதுதான். அடுக்குக் கட்டில் போடலாமே என்று உன் தம்பி சொன்னானாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது என்பது பொது விதி. இவள் இப்போதுதான் அதைத் தாண்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உயரம் என்ற பேச்சே எனக்கு வேண்டாம்.

எது மாறும், எது மாறாது என்று பிரித்துக்கொண்டதும் எல்லாம் எளிதாகிவிட்டது. கட்டில், அலமாரி, மேஜை, விளக்குப் புள்ளிகள் பத்து வருடம் நிற்கும். அதனால் அவற்றில் எந்த வேடமும் வேண்டாம். வண்ணம், துணி, படம், விரிப்பு எல்லாம் அவள் ஆசைப்படி, எவ்வளவு வேண்டுமானாலும்.

வண்ணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டில் பெரிய சண்டையே அதில்தான் நடந்தது. பெண்பிள்ளை அறை என்றதும் எல்லோரும் ரோஸ் என்றார்கள். அது என்னமோ காலங்காலமாக வந்த விதி போல! 1918-ல் அமெரிக்காவில் குழந்தைகள் உடை வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, ரோஸ் அழுத்தமான நிறம், ஆண்பிள்ளைக்கு ஏற்றது, நீலம் மென்மையானது, பெண்பிள்ளைக்கு அழகு என்று எழுதியிருக்கிறது. நூறு வருடத்துக்குள் தலைகீழாகத் திரும்பக்கூடிய ஒன்றை விதி என்று எப்படிச் சொல்வது? அவளையே கேட்டேன். கத்தரிப்பூ நிறம் என்றாள். அதுவும் நான்கு சுவரும். நான் ஒரு சுவர் என்றேன், அவள் ஒத்துக்கொண்டாள். மற்ற மூன்றும் இளமஞ்சள் சாயல் உள்ள வெள்ளை.

அந்த ஒரு சுவர் மூன்று மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், அதாவது எட்டு சதுர மீட்டர். ஒரு லிட்டர் பெயின்ட் ஒரு பூச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் வரை வரும். இரண்டு பூச்சுக்கு ஒன்றரை லிட்டர் போதும். ஒன்பது வயதில் அவளுக்குப் பச்சை பிடிக்கட்டும், பதின்மூன்றில் கறுப்பே பிடிக்கட்டும், ஒன்றரை லிட்டரும் ஒரு நாள் வேலையும்தான் செலவு. அதற்கு நான் தயார். கழுவினால் கறை போகும் பெயின்ட்டாக வாங்கினேன், கைக்கறை எப்படியும் வரும்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது கவனமாக இருந்தேன். நம் வீடு எவ்வளவு பழையது என்று உனக்குத் தெரியும், அடியில் எத்தனை அடுக்கு இருக்கிறதோ. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த சுவரில் உப்புத்தாள் தேய்த்தால் அது தூசியாகப் பறந்து குழந்தை மூச்சுக்குள்ளும் விரல் வழியாக வாய்க்குள்ளும் போகும். எனவே சுவரை நனைத்து நனைத்து எடுத்தோம், அந்த மூன்று நாளும் அவளை உள்ளே விடவில்லை. பூசி முடித்த பிறகும் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறோம். வாசனை போகும்வரை அவள் எங்களோடுதான் படுப்பாள்.

மேஜை நாற்காலிதான் இப்போது என் பெரிய ஆசை. 115 சென்டிமீட்டர் உயரக் குழந்தைக்கு நாற்காலி இருக்கை 31, மேஜை 53 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அவள் 160-ஐத் தொடும்போது இருக்கை 43, மேஜை 71. நாம் என்ன செய்கிறோம்? பெரிய நாற்காலியில் உட்காரவைத்து, கால் தொங்க, தோள் காதுவரை ஏற எழுதச் சொல்கிறோம். நார்வே நாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக்கின் மகன் குழந்தை நாற்காலிக்குப் பெரியவனாகி, பெரியவர்கள் நாற்காலிக்குச் சின்னவனாக இருந்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் அவர் 1972-ல் ட்ரிப் ட்ராப் நாற்காலியைக் கொண்டுவந்தார். பக்கச் சட்டங்களில் வரிசையாகக் காடி வெட்டியிருக்கும். இருக்கைப் பலகையும் கால் வைக்கும் பலகையும் குழந்தை வளர வளர இடம் மாறும். அந்த யோசனையைத் தச்சரிடம் சொன்னதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். மேஜைக் காலிலும் துளைகள் போட்டுத் தருகிறேன் என்றார். அலமாரித் தட்டுகளுக்கும் அதேதான். 32 மில்லிமீட்டர் இடைவெளியில் துளை வரிசை போட்டால் தட்டை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். துணி மாட்டும் கம்பி இப்போது ஒரு மீட்டர் உயரத்தில் வருகிறது, ஏனென்றால் தன் சட்டையைத் தானே மாட்டி, தானே எடுக்க வேண்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது, மேஜை நாற்காலியைக் குழந்தையின் அளவுக்குக் கொண்டுவந்தார். கைக்கு எட்டினால் குழந்தை தானே செய்யும். டப்பா கைக்கு எட்டியிருந்தால் என் மகள் ஏன் அலமாரியில் ஏறப்போகிறாள்?

விளக்கு, திரை எல்லாம் முடிந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். மேஜைக்கு வெள்ளை வெளிச்சம், படுக்கையோரம் மஞ்சள் வெளிச்சம். ஜன்னல் திரையில் தொங்கும் கயிறு எதுவும் கிடையாது, குழந்தை கழுத்தில் மாட்டிக்கொள்ளும். கட்டிலும் ஜன்னலிலிருந்து தள்ளியே இருக்கும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயம். நேற்று அளவெடுக்கும்போது நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "நான் இல்லாதப்போ நீ என் ரூமுக்குள்ள வருவியா அம்மா?" சுத்தம் செய்ய வருவேன் என்றேன். "என் டிராயரைத் திறப்பியா?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆறு வயதுக்கு அதற்குள் என்ன இருக்கும், ஒரு கூழாங்கல், ஒரு உடைந்த வளையல். ஆனால் கேள்வி சின்னது இல்லை.

உன் தகரப்பெட்டி நினைவிருக்கிறதா? ஏழு பேர் இருந்த வீட்டில் உனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். மூடியின் உட்புறம் படங்கள் ஒட்டி வைத்திருப்பாய். எனக்கு மட்டும் திறந்து காட்டுவாய். ஒருநாள் அதை யாரோ திறந்து, உள்ளே நீ எழுதி வைத்திருந்ததை எல்லார் முன்னாலும் படித்தபோது உன் முகம் எப்படி ஆனதென்று நான் மறக்கவில்லை. அதற்கப்புறம் நீ எதையும் எழுதி வைக்கவே இல்லை. இதை இத்தனை வருடம் நாம் பேசியதில்லை. இன்று எழுதிவிட்டேன்.

அதனால் ஒரு டிராயருக்குப் பூட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சாவி அவளிடம் மட்டும். இன்னொன்று எங்களிடம் இருக்கட்டும் என்கிறார் அவர். நான் வேண்டாம் என்கிறேன். கதவுத் தாழ்ப்பாளைப் பொறுத்தவரை, குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கும் வகை இருக்கிறது. அதுதான் போடப்போகிறோம். ஆனால் தாழ்ப்பாள் எந்த வயதிலிருந்து? தட்டிவிட்டு உள்ளே போகும் பழக்கத்தை நான் இன்றே தொடங்க வேண்டுமா? உன் பெரியவளிடம் கேள். என்னிடம் சொல்லச் சொல்லாதே, உன்னிடம் சொல்லட்டும். ஆறு வயதில் அவளுக்கு எது வேண்டியிருந்தது, நமக்குத் தெரியாமல் எதைச் சகித்துக்கொண்டாள், முயல் சுவரில் எதையாவது விட்டுவைக்க விரும்பினாளா? தயவுசெய்து உண்மையை எழுது. ஏழாவது முயலைப் பற்றியானாலும் சரி.

வியாழக்கிழமை தச்சர் பலகை அறுக்க வருகிறார். பூட்டுக்கான துளையை அன்று போட்டாக வேண்டும். அதற்குள் பதில் வேண்டும், இரண்டு வரியாக இருந்தாலும் போதும்.

உன்னை நினைத்துக்கொண்டே,
உன் பழைய கூட்டாளி