ஏரல் அக்கா வீட்டுக்கு வழிச்செலவு: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பு நண்பர்களுக்கும், அவர்கள் வழியாக இதைப் படிக்கிற வெளி நண்பர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம், பணம் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏழு வருடமாக ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, செல்பேசியிலேயே ஒருவருக்கொருவர் அனுப்பி, செல்பேசியிலேயே சண்டை போட்டு, செல்பேசியிலேயே சமாதானமும் ஆகிக்கொண்டிருக்கிற நாம் அறுபது பேரும், தைப்பூசம் கழிந்து வருகிற முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருநெல்வேலியில் நேரில் கூடுவதென்று முடிவாகியிருக்கிறது. அதற்கு இன்னும் 58,500 ரூபாய் வேண்டும். கணக்கு கீழே இருக்கிறது. கணக்கு மட்டும் போதும் என்கிறவர்கள் நேரே அங்கே போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம். மற்றவர்கள் கொஞ்சம் கதை கேளுங்கள்.

2023 டிசம்பர் 17. அன்றைக்கும் ஞாயிறுதான். 'சாவி' என்று தலைப்புக் கொடுத்திருந்தோம். திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். சாயங்காலம், தாமிரபரணிக் கரை ஊரான ஏரலிலிருந்து நம்மோடு எழுதுகிற ஏரல் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: "பாதி எழுதிட்டேன், கரண்டு போயிட்டு, மிச்சம் நாளைக்கு." அதோடு சரி. மறுநாள் தாமிரபரணி கரை கொள்ளாமல் போகிறது, ஏரலுக்குப் போக வழியே இல்லை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் செய்தி வந்தபோது நாம் எல்லோரும் மாறி மாறி அக்கா எண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்தோம். மணியே அடிக்கவில்லை.

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் நிவாரணச் சாமான் ஏற்றிப்போன ஒரு லாரியில் நம் நண்பர் ஒருவர் தொற்றிக்கொண்டார். போகிற வழியில் கேட்டார், "அக்கா வீடு எந்தத் தெரு? பேரு என்ன?" அப்போதுதான் நமக்கு உறைத்தது. அக்காவின் மாமியார் கடைசியாகக் கேட்டது கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி என்று நமக்குத் தெரியும். கிணற்றுக்குள் விழுந்த வெண்கலச் செம்பு யார் வீட்டுச் சீதனம் என்று தெரியும். கல்யாணத்தன்று அக்கா எதற்கு அழுதார் என்பது அவர் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது, நமக்குத் தெரியும். பெயர் தெரியாது. எழுதுகிற பெயர் வேறு, ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் வேறு. தெருவும் தெரியாது. கடைசியில் அந்த நண்பர், கதைகளில் படித்ததை வைத்துக்கொண்டு, "அரிசி மில்லுக்குப் பின்னால, வாசல்ல வேம்பு நிக்கும், கதை எழுதுத அக்கா" என்று விசாரித்திருக்கிறார். "எல்லா வாசல்லயும்தான் வேம்பு நின்னுச்சு, இப்ப எது நிக்குன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாராம் ஒரு பெரியவர்.

ஆறாம் நாள் மதுரையில் இருக்கும் மகன் போனிலிருந்து அக்கா குரல் வந்தது. "நல்லாருக்கேன். அரிசிப் பானையையும் நோட்டையும் மச்சுக்குத் தூக்கிட்டேன். மத்ததெல்லாம் ஆத்தோட போயிட்டு." சாவிக் கதையின் மிச்சப் பாதி பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தது. நன்றாகவே இருந்தது, ஆனால் யாரும் விமர்சனம் எழுதவில்லை.

ஒருத்தர் வீட்டை இன்னொருத்தர் பார்த்திருக்க வேண்டும் என்கிற பேச்சு அன்றைக்குத் தொடங்கியது. வீடியோவில் பார்த்துக்கொண்டால் போதாதா, எதற்கு இவ்வளவு செலவு என்று நம்மிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வீடியோவில் முகம் தெரியும், சரி. வீட்டுக்கு வழி தெரியாதே.

இதற்கு ஒரு ஒத்திகையும் நடந்தது. போன வருடம் சென்னை நண்பர் ஒருவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தவர், சாயங்காலம் டவுனில் பார்க்கலாம் என்றார். நெல்லையப்பர் கோயில் வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதாகத் தகவல். போனால் வாசலில் பத்துப் பேர் நீலச் சட்டையில் நிற்கிறார்கள், முகூர்த்த நாள் வேறு. நம்மில் இரண்டு பேர் ஒவ்வொரு நீலச் சட்டையின் முகத்தையும் பார்த்து, பார்த்தவர் முறைக்க, பின்வாங்கி, கடைசியில் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தும் பேச்சு வரவில்லை. பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிற மூன்று பேர், "அங்க மழை உண்டா?", "இல்ல", "இங்கயும் இல்ல" என்று நிற்கிறோம். ஆளுக்கு ஆள் போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்திலேயே நிற்கிறவருக்கு மெசேஜ் போட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

அப்புறம் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை வரிசையில் நின்று ஆளுக்கு நூறு கிராம் வாங்கினோம். அல்வா கையில் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, விரல் முழுக்க நெய், போனைத் தொட முடியாது. வேறு வழியில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தோம். பேசிக்கொண்டே குறுக்குத்துறைப் படித்துறைக்கு நடந்துபோய், இருட்டில் ஆற்றுச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்து, கடைசி பஸ்ஸை விட்டோம். அன்றைக்குத்தான் வீகேபுரம் (விக்கிரமசிங்கபுரம்) அண்ணாச்சி மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ வருடம் ஆகிறது, பேத்தி கல்லூரியில் படிக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்தது. காதல் கவிதையாக எழுதுகிறாரே என்று மூன்று வருடமாக அவரை 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேட்டால், "கூப்பிட்டது நல்லாத்தானல இருந்துச்சு, எதுக்குத் திருத்தணும்" என்கிறார்.

இந்த ஊருக்கு இது புதிது ஒன்றும் இல்லை. கம்பனைக் கொண்டாடிய ரசிகமணி டி.கே.சி.யின் (டி.கே. சிதம்பரநாத முதலியார்) நெல்லை வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடிக் கவிதை பேசியதுதான் வட்டத்தொட்டி என்று பெயர் வாங்கியது. ஊர் ஊராக இருந்த எழுத்தாளர்களுக்குச் சலிக்காமல் கடிதம் எழுதியே நட்பு வளர்த்த எழுத்தாளர் வல்லிக்கண்ணன் நம் பக்கத்து ராஜவல்லிபுரத்துக்காரர். அவர் தபாலில் செய்ததைத்தான் நாம் செல்பேசியில் செய்கிறோம், கையெழுத்து மட்டும் போய்விட்டது.

சரி, திட்டம் இதுதான். சனிக்கிழமை முழுக்கப் பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கூடத்தில் இருக்கிறோம். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது, ஃபிளெக்ஸ் கிடையாது. அவரவர் எழுதியதில் ஒரு பக்கத்தை அவரவர் குரலில் வாசிப்பது, அவ்வளவுதான். ஞாயிறு காலை ஒரு வண்டி பிடித்துத் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களையும் ஆதிச்சநல்லூரையும் பார்த்துவிட்டு மத்தியானம் ஏரல் அக்கா வீடு. புதிதாக வாசலில் ஒரு வேம்பு வைத்திருக்கிறாராம், இடுப்பு உயரம் வந்துவிட்டதாம். இதோடு, ஏழு வருட எழுத்திலிருந்து பொறுக்கியெடுத்து 160 பக்கத்தில் ஒரு தொகுப்பு, 300 பிரதி. இன்னொன்று, ஒரு விலாச நோட்டு. சாதாரண நீளக் கணக்கு நோட்டுதான். ஒவ்வொருவரும் சொந்தப் பெயர், கதவு எண், தெரு, வீட்டில் இன்னொருவர் போன் நம்பர் எல்லாம் தன் கையாலேயே எழுத வேண்டும். அது அச்சாகாது, படம் பிடித்து அனுப்பவும் மாட்டோம், பொருளாளர் டீச்சர் வீட்டு பீரோவில் இருக்கும்.

ஏன் தை மாதம் என்றால், ஐப்பசி கார்த்திகையை நம்ப முடியாது, மார்கழி என்றாலே ஏரல் பக்கம் இன்னும் வானத்தைப் பார்க்கிறார்கள். ஆனியில் நெல்லையப்பர் தேர், அறை கிடைக்காது. மாசி, பங்குனியில் டீச்சர்மாருக்குப் பரீட்சை. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகிற கூட்டம் கலைந்த பிறகு சாலையும் காலியாக இருக்கும்.

இனி கணக்கு. கூடமும் மைக்கும் 12,000. வெளியூர்க்காரர்கள் தங்க 18,000. இரண்டு நாள் சாப்பாடு 33,000. வண்டி 14,000. தொகுப்பு அச்சடிக்க சிவகாசியில் விசாரித்த வகையில் 24,000. சில்லறைச் செலவு 4,000. ஆக 1,05,000 ரூபாய். நபருக்கு 500 ரூபாய் கட்டணம் வைத்திருக்கிறோம், அதில் கல்லூரியில் படிக்கிறவர்களும் இப்போது வேலையில் இல்லாதவர்களுமாகப் பத்துப் பேருக்குக் கட்டணம் வேண்டாம் என்று விட்டதில் 25,000 வரும். கையில் இப்போது 21,500 இருக்கிறது. ஏற்பாட்டுக் குழுவில் ஏழு பேரும் ஆளுக்கு 3,000 போட்டது போக, மீதி 500 ஒரு நண்பரின் அம்மா முதியோர் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தது. "ராத்திரி பூரா யார்கூட சிரிச்சிட்டு இருக்கான்னு நானும் பாக்கணும்லா" என்றாராம். அந்த அம்மாவும் வருகிறார். இதெல்லாம் போக நிற்பதுதான் 58,500.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒருமுறை இதே கூட்டத்துக்கு ஒரு மண்டபத்தில் 5,000 முன்பணம் கொடுத்து, தேதி தள்ளிப்போய், அந்தக் காசு திரும்பவே இல்லை. ரசீது வாங்காதது எங்கள் தப்பு. அந்த நஷ்டத்தைக் குழுவே பங்கிட்டுக்கொண்டது, இந்தக் கணக்கில் நுழைக்கவில்லை. இந்தத் தடவை டீக்குக்கூட ரசீது கேட்கிறோம், கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

நம்ம பக்கம் கொடை என்றால் கோயில் கொடைத் திருவிழாதான் முதலில் ஞாபகம் வரும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள், வில்லுப்பாட்டுக்கு நடுவில் மைக்கைப் பிடித்து இன்னார் இவ்வளவு என்று வாசிப்பார்கள், பாக்கி வைத்தவர் கூட்டத்தில் குனிந்துகொள்வார். இங்கே வரி கிடையாது, வாசிக்கவும் மாட்டோம். கொடுத்தவர் பெயர் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், கேட்பவருக்குக் காட்டுவோம், அதற்கு மேல் இல்லை. இருநூறு கொடுத்தவரும் இரண்டாயிரம் கொடுத்தவரும் ஒரே பாயில்தான் உட்காரப் போகிறோம். பாய் என்றதும் ஞாபகம் வருகிறது, பத்தமடைப் பாய் கொடுப்பது நம் பத்தமடை பாய்தான். (இந்தச் சிலேடைக்கு அவரே அனுமதி கொடுத்துவிட்டார், இனி யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல அனுப்ப வேண்டாம்.)

ஒருவரே மொத்தத்தையும் கொடுக்க முன்வந்தார், வெளிநாட்டில் இருக்கிறார், நல்ல மனசு. வேண்டாம் என்றுவிட்டோம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற ஆற்றுப்பாலத்தைச் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தார், 1843-இல் திறந்தது, இன்றைக்கும் அதில்தான் போய்வருகிறோம், அந்தப் புண்ணியவானை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பாலம். இது வீட்டு விசேஷம் மாதிரி, ஒருத்தர் செலவில் நடந்தால் மற்றவர் விருந்தாளி ஆகிவிடுவார். அதனால் ஒருவரிடம் 5,000-க்கு மேல் வாங்குவதில்லை. அந்த நண்பரிடமும் அவ்வளவுதான் கேட்டிருக்கிறோம், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

பணமாகத்தான் வர வேண்டும் என்றில்லை. பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் வீடு இருப்பவர்கள் இரண்டு பேருக்கு இடம் கொடுத்தால் தங்கும் செலவு அப்படியே குறையும். தனியாக வரத் தயங்குகிற பெண்களை வீடுகளிலேயே தங்கவைக்கிறோம், துணைக்கு ஒருவர் வந்தால் அவருக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு. எழுதுவது வீட்டுக்குத் தெரியாத இரண்டு பேர் நம்மில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எந்தப் படமும் எடுக்கக் கூடாது. அண்ணாச்சிமார் செல்ஃபி மோகத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.

டீச்சரின் வங்கிக் கணக்கு எண்ணும் ஜிபே எண்ணும் ஒவ்வொருவருக்கும் தனியாக வந்து சேரும். அனுப்பியதும் சொந்தப் பெயரைப் போட்டு ஒரு வரி எழுதுங்கள். தயவுசெய்து புனைபெயரில் வேண்டாம், 'வானவில்லின் நிழல்' என்று 200 ரூபாய் வந்தால் டீச்சர் யாருக்கு ரசீது எழுதுவார்? கூட்டம் முடிந்து பதினைந்து நாளில் வரவு செலவு முழுவதும் ரசீதுகளோடு உங்கள் கைக்கு வரும். மிச்சம் விழுந்தால், வர முடியாதவர்களுக்குத் தொகுப்பைத் தபாலில் அனுப்புகிற செலவுக்கு எடுத்துக்கொள்வோம்.

கடைசியாக, சாப்பாடு. சனிக்கிழமை மத்தியானம் தேங்காய்ப் பாலில் செய்கிற சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாட்டை முதல் சந்திப்புக்குப் போடலாமா என்று குழுவில் அரை மணி நேரம் விவாதம் ஓடியது. ஏழு வருடம் பழகியாயிற்று, கல்யாணம் எப்போதோ முடிந்துவிட்டது, இது மறுவீடுதான் என்று வீகேபுரம் அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். தேங்காய்ப் பால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சமையல்காரர் இப்போதே நச்சரிக்கிறார். வருகிறவர்கள் தை பிறப்பதற்குள் தலைக்கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கூட்ட ஏற்பாட்டுக் குழுவினர் ஏழு பேர்