இரண்டு பாகை திருப்பினால் காணாமல் போகும் நீர்க்குறி

அனுப்புநர்:
இயற்கை ஒளிப்படக் கலைஞர்,
வேதாரண்யம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
ஒளிப்பட நீர்க்குறி மென்பொருள் நிறுவனம்.

பொருள்: சுழற்றிய படத்தில் நீர்க்குறியைக் கண்டறியத் தவறியது, பணத்தைத் திரும்பக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறியைப் பதிக்கும் உங்கள் நீர்க்குறி மென்பொருளுக்கு 8,400 ரூபாய் கட்டி ஓராண்டு உரிமம் வாங்கியிருக்கிறேன். படத்தை என்ன செய்தாலும் குறி போகாது என்று உங்கள் விளம்பரம் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன்.

கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம் மேலெழும் படம் ஒன்றை மூன்று பேருக்கு விற்றேன். மூன்று பிரதிகளிலும் கண்ணுக்குத் தெரியாதபடி வெவ்வேறு எண்களைப் பதித்துக் கொடுத்தேன். படம் வெளியே கசிந்தால் யார் கையிலிருந்து போனது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தச் செலவே. கடந்த மாதம் அதே படம் ஒரு நாள்காட்டி விளம்பரத்தில் வந்தது. என் படத்தில் அடிவானம் இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். அதை நிமிர்த்தியிருந்தார்கள். நிமிர்த்திய பிறகு ஓரங்களை வெட்டியதில், இடது கோடியில் தனியாக நின்ற பறவையின் பாதி இறக்கையும் போயிருந்தது. அந்தப் படத்தை உங்கள் கண்டறியும் கருவியில் போட்டேன். குறி எதுவும் இல்லை என்று வந்தது.

படம் என்னுடையது என்று நிறுவ என் கேமராவின் மூலக் கோப்பே போதும். வெளியே விட்டவர் யார் என்பதை அந்தக் கோப்பு சொல்லாது. மூவரும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இன்று மூவரிடமும் மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைப் பேசுகிறேன். பணம் போனதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

பிறகு 20 படங்களை எடுத்து நானே சோதித்தேன். படக் கோப்பைச் சுருக்கும் ஜேபெக் முறையில் தரத்தை 50-க்குக் குறைத்தும், ஒளியைக் கூட்டியும் பார்த்தேன். இருபதிலும் எண் கிடைத்தது. 2 பாகை சுழற்றினேன். ஒன்றில்கூடக் கிடைக்கவில்லை. அகலத்தை மட்டும் 95 சதவீதமாகச் சுருக்கியபோதும் அதே கதி. உங்கள் உதவி மையத்தில் கேட்டதற்கு, எத்தனை பாகை சுழற்றப்பட்டதோ அத்தனை பாகை திருப்பி வைத்துச் சோதிக்கச் சொன்னார்கள். வேறொருவர் செய்த திருத்தத்தின் கோணம் எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிப்பது கருவியின் வேலை.

சுழற்றுவதால் குறி அழிந்துவிடுவதில்லை. அது படத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. பதித்த இடங்கள் நகர்ந்துவிட, உங்கள் கருவி பழைய இடத்திலேயே தேடிவிட்டுக் கையை விரிக்கிறது. இது நீங்கள் அறியாத குறையாக இருக்க முடியாது. கேம்பிரிட்ஜிலிருந்து 1997-இல் வெளிவந்த ஸ்டிர்மார்க் என்ற சோதனை நிரல், பார்ப்பவருக்குத் தெரியாத அளவுக்குப் படத்தை இழுத்தும் சாய்த்துமே அன்றைய நீர்க்குறிகள் பலவற்றைத் தோற்கடித்தது. வழிகளும் அந்தக் காலத்திலேயே பிறந்துவிட்டன. படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றம் என்ற கணக்கின் வீச்சை எடுத்து, மடக்கை அளவில் ஆரமும் அதோடு கோணமுமாக விரித்தால், சுழற்சியும் அளவு மாற்றமும் வெறும் நகர்வுகளாகிவிடும். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஓ ருவானெயும் தியெரி புன்னும் 1990-களின் இறுதியில் இந்த வழியில் நீர்க்குறி பதிக்கலாம் என்று எழுதினார்கள். எண்ணோடு ஓர் அடையாளக் கோலத்தையும் சேர்த்துப் பதித்து, அது எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் கோணத்தை அறியும் முறையும் உண்டு. எந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த எல்லையை விற்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65பி பிரிவு, படைப்பு யாருடையது என்று காட்டும் உரிமைத் தகவலை அனுமதியின்றி அறிந்தே நீக்குவதையும் மாற்றுவதையும் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நான் வழக்குத் தொடுக்க நினைத்தாலும் யார் மீது தொடுப்பது?

மூலப் படம் என்னிடம் இருக்கிறது. அதையும் நாள்காட்டிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தால் கோணமும் வெட்டும் தெரிந்துவிடும். அதன்படி நேராக்கிவிட்டுக் குறியைத் தேடலாம். மூலப் படத்தைக் கொடுக்கும் வசதியே உங்கள் கருவியில் இல்லை. ஆகவே இந்த வேலையை உங்கள் பொறியாளர்கள் செய்து, கிடைக்கும் எண்ணை 15 நாட்களுக்குள் எனக்கு எழுத்தில் தர வேண்டும். கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். எத்தனை பாகை, எத்தனை சதவீதம் வரை குறி தாங்கும் என்பதை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் எங்கள் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுப்பேன்.

இரண்டு பூநாரைப் படங்களையும், சோதித்த 20 படங்களையும், பணம் கட்டிய ரசீதையும் இணைத்திருக்கிறேன். முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்