இன்சுலின் பேனாவும் 40, 100 குழப்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, நடை, கால் பராமரிப்பு எல்லாம் விவரமாக இருந்தது. இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசிக் கருவி) பற்றி மட்டும், வலியில்லாமல் சுலபமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கும்பகோணத்தில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் நான். அந்த ஒரு வரியில் விட்டுப்போனதைக் கடையில் அன்றாடம் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. மாத்திரைக்கு அடங்காமல் வெறும் வயிற்று சுகர் ஏறிக்கொண்டே போனால், டாக்டர்கள் பலர் எழுதித் தருவது கிளார்ஜின், டெக்லுடெக் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைத்தான். பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒரு ஊசி போதும். சாப்பாட்டு நேரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, தினமும் ஒரே நேரத்தில் போட்டால் சரி. மருந்தும் நல்லது, பேனாவும் நல்ல ஏற்பாடு. ஆனால் பேனாவை வாங்கிப் போகிறவர்களில் பலருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்றுகூட யாரும் சொல்லித்தருவதில்லை. டாக்டர் கடையில் கேட்கச் சொல்கிறார். கூட்ட நேரத்தில் கடைக்காரர் பெட்டிக்குள் இருக்கும் தாளைக் காட்டுகிறார். அந்தத் தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒன்றை முதலில் சொல்கிறேன். எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் கிளார்ஜின் கேட்ரிட்ஜ், அதாவது பேனாவுக்குள் மாட்டும் மருந்துக் குழாய். "தம்பி, பேனா திருகு சுத்த மாட்டேங்குது. மருந்து அப்படியே முழுசா இருக்கு. ஒரு சிரிஞ்ச் குடுங்க, இதுலேர்ந்து உறிஞ்சிப் போட்டுக்கறேன்" என்றார். இத்தனை வருடமும் குப்பி மருந்துக்கு வாங்கிய அதே சிவப்பு மூடி சிரிஞ்சைத்தான் கேட்டார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. அதுவும் இன்சுலின், இதுவும் இன்சுலின், டாக்டர் எழுதியது 16 யூனிட், சிரிஞ்சிலும் 16 என்று கோடு இருக்கிறது.

நம் ஊரில் விற்கும் குப்பி இன்சுலினில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் கோடு போட்டிருப்பது அந்தக் கணக்குக்குத்தான். பேனாவில் வரும் மருந்தோ மில்லிக்கு 100 யூனிட். அந்தச் சிரிஞ்சில் 16 கோடு வரை கேட்ரிட்ஜ் மருந்தை உறிஞ்சினால் உள்ளே போவது 16 யூனிட் இல்லை, 40 யூனிட். இரண்டரை மடங்கு! மில்லிக்கு 300 யூனிட் உள்ள பேனாவும் விற்பனையில் இருக்கிறது. அதிலிருந்து உறிஞ்சினால் 120 யூனிட் போய்விடும். இந்த மருந்து இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடாது. ஒரு நாள் முழுக்க, சில வகைகளில் அதற்கும் மேல், சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்தவர் மறுபடி தூக்கத்திலேயே மயங்கிப் போகலாம். தெரியாமல் இப்படிக் கூடுதலாகப் போய்விட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்தப் பெரியவருக்குச் சிரிஞ்ச் தரவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டி, அவருடைய டாக்டரிடம் போனில் பேசி, அதே மருந்து நிரப்பி வரும் பேனாவைக் கொடுத்து அனுப்பினேன். ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்ச் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதையும் கேட்ரிட்ஜுக்குள் விட வேண்டாம். உள்ளே காற்றுப் புகுந்தால் அப்புறம் பேனா காட்டும் அளவும் தப்பாகிவிடும். பேனா கெட்டுப்போனால் வேறு பேனாதான் வழி. கேட்ரிட்ஜ் பெட்டியின் மேலேயே "சிரிஞ்சால் உறிஞ்சக் கூடாது" என்று கம்பெனிகள் கொட்டை எழுத்தில் தமிழில் போட்டால் என்ன? இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

இரண்டாவது, இரண்டு பேனா வைத்திருப்பவர்கள். சாப்பாட்டுக்கு முன் வேகமாக வேலை செய்யும் ஒன்று, ராத்திரிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் ஒன்று. இரண்டிலும் மருந்து பெரும்பாலும் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். ராத்திரிப் பேனாவுக்குப் பதில் சாப்பாட்டுப் பேனாவில் 20 யூனிட் போட்டுக்கொண்டு படுத்தால் நடு இரவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்வை மங்கியவர்களுக்கு நான் சொல்வது, ராத்திரிப் பேனாவில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள் என்பதுதான். டிக் டிக் சத்தத்தை எண்ணி அளவு வைக்கக் கூடாது. எண் தெரியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். கிளார்ஜின் கலங்கலாக இருந்தால் போடாதீர்கள், வேறு இன்சுலினோடு கலக்கவும் வேண்டாம்.

போடும் முறையில் இரண்டு விஷயம் பலருக்கும் விட்டுப்போகிறது. நீடில் மாட்டியதும் 2 யூனிட் வைத்து, பேனாவை நிமிர்த்திப் பிடித்து அழுத்தி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும் (மில்லிக்கு 300 யூனிட் உள்ள பேனாவுக்கு 3). ஊசி குத்தி பொத்தானை முழுக்க அழுத்திய பிறகு, எண் பூஜ்யத்துக்கு வந்தாலும் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். உடனே எடுத்தால் மருந்து தோல் மேலேயே வழிந்துவிடும். நேற்று போட மறந்தேன் என்று இன்று இரட்டிப்பாகப் போடுவது அறவே கூடாது.

போட்ட இடத்திலேயே போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி போலத் தடித்துவிடும். அதில் வலி தெரியாது என்பதால் ஆளுக்கு அந்த இடம் பழகிவிடும். ஆனால் மருந்து அங்கிருந்து சரியாக உடம்பில் இறங்காது. சுகர் ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார், மறுபடியும் ஏறும். ஒரு நாள் வேறு நல்ல இடத்தில் குத்தினால் கூட்டிய அளவு முழுக்க இறங்கி லோ சுகர் வந்துவிடும். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். தடிப்பு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், அந்த இடத்தை விட்டு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டி வரலாம். தடிப்புக்கு இன்னொரு காரணம் ஒரே நீடிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. காசுக்காகத்தான் செய்கிறார்கள், எனக்கும் புரிகிறது. டாக்டர் எழுதும் விலையுயர்ந்த பேனாவோடு நீடிலையும் சேர்த்து எழுதி, ஏழைகளுக்கு அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும்.

கணவன் மனைவி இருவருக்கும் சுகர் உள்ள வீடுகளில் ஒரே பேனாவை, நீடிலை மட்டும் மாற்றி, இருவரும் போட்டுக்கொள்கிறார்கள். குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கேட்ரிட்ஜுக்குள் ஏறலாம், மஞ்சள் காமாலைக் கிருமி உட்பட எல்லாம் அதன் வழியே போகும். ஆளுக்கு ஒரு பேனா என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

திறக்காத பேனா ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃபிரீசரில் உறைந்தால் வீண். பயன்பாட்டில் உள்ளதை 30 டிகிரிக்குக் கீழே வெளியில் வைக்கலாம், ஆனால் மில்லிக்கு 100 யூனிட் உள்ள கிளார்ஜின் என்றால் 28 நாள்தான். மொத்தம் 300 யூனிட் மருந்துள்ள அந்தப் பேனாவில் தினமும் 6 யூனிட் போடுகிறவருக்கு, சரிபார்க்கும் 2 யூனிட்டையும் சேர்த்தாலும், 28ஆம் நாள் மருந்து மிச்சம் இருக்கும். மனசு வராது, ஆனாலும் தூக்கித்தான் போட வேண்டும். திறந்த தேதியைப் பேனாவில் எழுதிவையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் பேனாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

லோ சுகர் வந்தால் சர்க்கரை வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருந்தே ஆக வேண்டும். இந்த மாத்திரை நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடுவது. 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி கழித்து மறுபடி சோதனை.

பயன்படுத்திய நீடில்களைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வெறும் பையில் கட்டிக் குப்பையில் போட்டால் அது குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். இன்சுலின் போடும் வீடுகளில் அவர்கள் "எப்படிப் போடறீங்க, காட்டுங்கம்மா" என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் இதழும் 40, 100 கணக்கைப் படத்தோடு அரைப் பக்கம் வெளியிட வேண்டுகிறேன். மருந்துக் கடைகளில் வெட்டி ஒட்டுகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கும்பகோணம்